பாடம் 7: நட்ட மரத்துக்கு மூன்று கோடை

சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் முதலில் தேடுவது கிணற்றையும் மரங்களையும்தான். கிணறு எப்படியோ இருக்கும். மரங்கள் பல வளவுகளில் இல்லை. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களும், 2000 ஆம் ஆண்டுச் சண்டையின்போது தென்மராட்சியை விட்டு ஓடியவர்களும் திரும்பி வந்தபோது, காய்த்துக் குலுங்கிய தென்னைகள் நின்ற இடத்தில் தலையில்லாத மரங்களையும் பற்றைக் காட்டையும் கண்டார்கள். ஆகவே மீண்டும் நட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் வருகிறது. நிறுவனங்களும் திணைக்களங்களும் மாரி தொடங்கும் காலத்தில் கன்றுகளை வழங்குகின்றன.

மாரியில் நட்ட கன்று மாரியில் சாவது குறைவு. அது அடுத்து வரும் கோடையில்தான் சாகிறது. முதற் கோடையில் தப்பிய கன்று, "இனி அது தன்பாட்டில் வளரும்" என்று நாம் விட்டுவிடுகிற இரண்டாம் கோடையில் சாகிறது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்வார்கள். யாழ்ப்பாணத்துக் கோடையில் இந்தப் பழமொழியை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்: நட்டவர்தான் ஊற்ற வேண்டும்.

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள்:

• உங்கள் குடும்பத்தால் எத்தனை கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும் என்று கணக்கிடுவீர்கள்.
• எந்த மண்ணில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு ஊற்றுவது என்று அறிவீர்கள்.
• கன்று நிலைத்துவிட்டதா என்று பார்த்துத் தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்கக் கற்றுக்கொள்வீர்கள்.

மண்வெட்டியை எடுக்கும் முன்

தென்னங்கன்றுக்கு மூன்றடி ஆழக் குழி வேண்டும். அந்த ஆழம் வரை நிலம் பாதுகாப்பானது என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் தோண்டாதீர்கள். உங்கள் காணி மிதிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகை, மஞ்சள் நாடா, குவியலாகக் கிடக்கும் துருப்பிடித்த இரும்பு ஆகியவற்றைக் கண்டால் அப்படியே நில்லுங்கள். வந்த அடியிலேயே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ, 119 என்ற பொலிஸ் இலக்கத்துக்கோ அறிவியுங்கள். பல ஆண்டுகள் பாவிக்காத கிணற்றுக்கும் இது பொருந்தும். வெடிபொருள் கிடக்கலாம், அடியில் நச்சுக்காற்றும் இருக்கலாம். அதனுள் நீங்களாக இறங்காதீர்கள்.

நம் மண்ணும் நம் கிணறும்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கை ஆறும் மாரியில் மட்டுமே ஓடும். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்துவிடுகிறது. தை நடுப்பகுதியிலிருந்து புரட்டாதி வரை ஏறத்தாழ எட்டு மாதங்களுக்கு, இடையில் பங்குனி, சித்திரையில் பெய்யும் சிறு மழையைத் தவிர, கன்றுக்குக் கிணறுதான் கதி. அதிலும் வைகாசிக்குப் பின் சோளகக் காற்று பலமாக வீசும். வெயிலைவிட இந்தக் காற்றுத்தான் இலையின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும்.

கிணற்று நீரும் மழை நீர்தான். மாரியில் பெய்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கீழேயுள்ள உவர் நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கீரிமலையில் கடற்கரை ஓரமாக ஊறும் நன்னீர் இப்படி நிலத்தடியால் வந்து சேர்வதுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர் நீரும் இருப்பதும் இதனால்தான். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயரத்துக்கு நின்றால், அது கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு உவர் நீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் கணக்கு. மேல்மட்டம் சிறிது இறங்கினாலும் உவர் பலமடங்கு மேலேறும். எனவே கோடையில் பம்ப் வைத்துத் தொடர்ந்து மணிக்கணக்காக இறைக்காதீர்கள். சிறிது நேரம் இறைத்து, கிணறு ஊற விட்டு, பிறகு இறையுங்கள். கன்றுகளுக்கு வாளியே போதும்.

முதலில் கணக்கு, பிறகு கன்று

கோடையில் ஒரு தென்னங்கன்றுக்கு நாலு நாளுக்கு ஒருமுறை 45 லீற்றர் தேவை. பத்து லீற்றர் வாளியால் அது நாலரை வாளி. மா, பலா, தேசி போன்ற கன்றுகளுக்கு முதலாம் ஆண்டில் அதே இடைவெளியில் ஏறத்தாழ இரண்டு வாளி ஊற்றலாம்.

ஒரு குடும்பம் பத்துத் தென்னங்கன்றுகளை வாங்கி நடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு நாளுக்கு 45 வாளி வேண்டும். சராசரியாக ஒரு நாளைக்குப் பதினொரு வாளிக்கு மேல். கிணறு பொதுக்கிணறாகவும் நூறு மீற்றர் தள்ளியும் இருந்தால், இரண்டு கையிலும் இரண்டு வாளியாக ஆறு தடவை போய்வர வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மீற்றர் நடை, அதில் பாதி நிறைந்த வாளிகளோடு. குடிக்க, சமைக்க, குளிக்க அள்ளும் தண்ணீர் இதில் சேரவில்லை. இப்படி எட்டு மாதம் செய்ய வேண்டும். வீடு கட்டும் வேலையும் கூலி வேலையும் இருக்கும் குடும்பத்தால் இது முடியாது. ஆடி மாதம் வரும்போது பத்துக் கன்றுக்கும் அரை வாளி அரை வாளியாகப் போகும். பத்தும் வாடும்.

அதே குடும்பம் இரண்டு தென்னை, ஒரு மா, ஒரு பலா, ஒரு தேசி நட்டால் நாலு நாளுக்கு 150 லீற்றர், அதாவது பதினைந்து வாளி. ஒரு நாளைக்கு நாலு வாளிக்கும் குறைவு. இரண்டு நடையில் முடிந்துவிடும். ஐந்தும் பிழைக்கும். அடுத்த மாரியில் இன்னும் இரண்டு நடலாம்.

இலவசமாகக் கிடைத்த மேலதிகக் கன்றுகளை என்ன செய்வது? நடாமல் பையிலேயே வைத்திருங்கள். கிணற்றடியில், மர நிழலில், நாளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீரோடு ஒட்டு மாங்கன்று அடுத்த மாரிவரை தாங்கும். வேர் பையைக் கிழித்து நிலத்துக்குள் போகாதபடி மாதம் ஒருமுறை பையை இடம் மாற்றி வையுங்கள். அல்லது ஊற்றக்கூடிய அயலவருக்குக் கொடுங்கள்.

இன்னும் நிரந்தரமாகக் குடிவராமல், உறவினர் வீட்டிலிருந்தோ நலன்புரி நிலையத்திலிருந்தோ பகலில் மட்டும் வந்து காணி துப்புரவாக்குபவர்கள் இந்த ஆண்டு மாங்கன்றும் தென்னங்கன்றும் நட வேண்டாம். தண்ணீர் கேட்காதவற்றிலிருந்து தொடங்குங்கள். பனம் விதையை மாரிக்கு முன் எல்லையோரமாக ஊன்றுங்கள். முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கி ஈரத்தைத் தானே தேடிக்கொள்ளும். பனங்கிழங்கு கிண்டியவர்களுக்கு அது எவ்வளவு ஆழம் போகும் என்று தெரியும். வேலிக்குப் பூவரசு, கிளுவைத் தடிகளை மழை ஈரத்தில் நடுங்கள். காணி வெட்டும்போது தானாக முளைத்து நிற்கும் வடலிகளையும் இளவேம்புகளையும் எல்லாவற்றோடும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். நீங்கள் இல்லாத காலத்தில் யாரும் ஊற்றாமலே வேர்பிடித்தவை அவை. அவற்றின் நிழலில் நாளைக்கு ஒரு மாங்கன்று வைக்கலாம்.

குழியிலேயே தண்ணீரைச் சேமித்தல்

நடும் நாளிலேயே கோடையை நினைத்து வேலை செய்தால் பிறகு ஊற்றும் வாளி குறையும்.

• தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றடியாகக் குழி வெட்டுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறாகக் குவியுங்கள்.
• குழியின் அடியில் பொச்சுமட்டையை இரண்டு அடுக்காக, குழிவான பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின்மேலும் மண் போடுங்கள். மாரி மழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுப்பது இந்த மட்டைதான்.
• மேல்மண்ணையும் உக்கிய சாணத்தையும் கலந்து குழியை நிரப்பி, கன்றை நில மட்டத்துக்குச் சற்றுக் கீழே நடுங்கள். குருத்தின் அடியில் மண் விழக்கூடாது.
• குழியின் விளிம்பில் சிறு வரம்பு கட்டுங்கள். மாரியில் வெள்ளமும் மண்ணும் குழிக்குள் பாய்வதை அது தடுக்கும். தண்ணீர் தேங்கும் பள்ளக் காணியில் மண்ணை உயர்த்தி மேட்டில் நடுங்கள். நாள்கணக்கில் வெள்ளத்தில் நின்ற வேர் மூச்சடைத்து அழுகும்.
• ஒட்டு மாங்கன்றில் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே வரும் முளைகளைக் கிள்ளிவிடுங்கள். நீங்கள் ஊற்றும் தண்ணீர் கறுத்தக்கொழும்பானுக்குப் போக வேண்டும், அடியிலுள்ள காட்டு மாவுக்குப் போகக்கூடாது.

எவ்வளவு, எப்போது

கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதுதான் பலரும் செய்யும் பிழை. தினமும் ஒரு கோப்பை ஊற்றினால் மேல் இரண்டு விரற்கடை மண்தான் நனையும். வேரும் அந்த ஈரத்தைத் தேடி மேலேயே படரும். ஒரு வாரம் நீங்கள் வெளியூர் போனால் மேல்மண் காய்ந்து கன்றும் கருகும். இடைவெளி விட்டு, ஒரே தடவையில் ஆழமாக ஊற்றினால் தண்ணீர் ஒரு முழம் இறங்கும். வேர் அதைத் தொடர்ந்து கீழே போகும். கீழே போன வேர்தான் பிறகு மரத்தைத் தானே காப்பாற்றும்.

காலை வெயில் ஏறுமுன் அல்லது பொழுதுபடும் நேரத்தில் ஊற்றுங்கள். பாத்திக்குள் மெதுவாக விடுங்கள். பாதி ஊற்றி, அது இறங்கியபின் மீதியை ஊற்றுங்கள்.

நட்ட மாரி: நட்ட அன்று நன்றாக ஊற்றுங்கள். பிறகு நாலைந்து நாள் மழை இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

முதற் கோடை: வலிகாமத்துச் செம்மண்ணில் நாலு நாளுக்கு ஒருமுறை. வடமராட்சி கிழக்கு, தீவகக் கரையோரம் போன்ற மணற் காணிகளில் மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. அங்கே அதே அளவை இரண்டாகப் பிரித்து இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள்.

இரண்டாம் கோடை: செம்மண்ணில் வாரம் ஒருமுறை, மணலில் வாரம் இருமுறை. ஒவ்வொரு தடவையும் அளவைக் கூட்டுங்கள். பாத்தியையும் அகலமாக்குங்கள். வேரின் நுனி இப்போது தண்டிலிருந்து தள்ளிப் போயிருக்கும். இலை விரிந்து நிழல் விழும் வட்டத்தின் விளிம்பில் ஊற்றுங்கள். தண்டின் அடியில் ஊற்றினால் பயன் குறைவு.

மூன்றாம் கோடை: பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுங்கள். சோளகம் பலமாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இவை வழிகாட்டும் அளவுகள். முடிவு சொல்வது மண்தான். கன்றிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்டி மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்றால் இன்று ஊற்ற வேண்டாம். உதிர்ந்தால் ஊற்றுங்கள். மணற் காணியில் உருண்டை நிற்காது. அங்கே கையில் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள்.

இலையும் பேசும். மத்தியான வெயிலில் தொய்ந்து பின்னேரம் நிமிர்ந்தால் அது வெக்கை மட்டுமே. விடியற்காலையிலும் தொய்ந்து நின்றால் வேருக்குத் தண்ணீர் இல்லை, உடனே ஊற்றுங்கள். மண் ஈரமாக இருக்கும்போதே அடி இலைகள் மஞ்சளானால் தண்ணீர் கூடிவிட்டது. முருங்கைத் தடி நட்டவர்கள் இதைக் கவனியுங்கள். அதிகத் தண்ணீரில் அது அடியில் அழுகிவிடும்.

ஒரு வாளியை இரண்டாக்கும் வழிகள்

மூடாக்கு. பாத்தியைச் சுற்றி உலர்ந்த குழை, காவோலைத் துண்டு, பொச்சுமட்டை ஆகியவற்றைப் பரப்புங்கள். மேலே போடும் மட்டையைக் கவிழ்த்து வையுங்கள். தண்டோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். காய்ந்த மட்டையில் கறையான் ஏறும் இடங்களில் அடிக்கடி கிளறிப் பாருங்கள்.

நிழல். முதற் கோடையில் கன்றின் மேற்குப் பக்கமாகவும் காற்று வரும் பக்கமாகவும் காவோலை குத்துங்கள். கட்டாக்காலி மாடு, ஆடுகளுக்கும் அது தடுப்பு. ஆனால் மாடு நுழையாமல் இருக்கச் சுற்றிவர முள்வேலியும் தேவை.

முட்டி. மெருகு பூசாத மண்முட்டியைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நிரப்பி வையுங்கள். முட்டியின் சுவர் வழியே ஈரம் கசிந்து வேரிடம் போகும். நுளம்பு முட்டையிடாதபடி எப்போதும் மூடிவையுங்கள். டெங்கு உள்ள இடத்தில் இதில் கவனக்குறைவு கூடாது. முட்டி கிடைக்காவிட்டால், மூடியில் சிறு துளையிட்டு அடியை வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலைத் தலைகீழாகப் புதைக்கலாம்.

பாவித்த தண்ணீர். கிணற்றடியில் குளிக்கும் தண்ணீரை வாழைக்கு வெட்டிவிடுவது நம் பழைய வழக்கம். அதே வாய்க்காலை ஒரு தென்னை வரை நீட்டலாம். அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரையும் மரத்துக்கு ஊற்றுங்கள். சவர்க்காரம் நிறைந்த முதல் தண்ணீரைத் தவிருங்கள்.

கிணறு உவராக இருந்தால்

துப்புரவாக்கிய கிணற்றின் தண்ணீரில் கோடையில் உப்புச் சுவை தெரிந்தால், மா, தேசி இலைகளின் நுனியும் விளிம்பும் கருகும். பாத்தியில் வெள்ளைப் பூச்சுப் படியும். அத்தகைய காணியில் தென்னையும் பனையும் தாங்கும். மாவுக்கும் தேசிக்கும் மழை நீரையோ நல்ல கிணற்று நீரையோ தேடுங்கள். உவர் நீரைத்தான் ஊற்ற வேண்டுமென்றால் இலையில் படாமல், குறைவாக அடிக்கடி ஊற்றாமல், ஆழமாக ஊற்றுங்கள். இல்லாவிட்டால் உப்பு வேர் மட்டத்திலேயே தங்கிவிடும். மாரி வந்ததும் பாத்தியைத் திறந்துவைத்து மழை உப்பைக் கழுவிப்போக விடுங்கள்.

நிலைத்துவிட்டதா?

மாங்கன்று செந்நிறத் தளிரை அடுத்தடுத்து விடுவதும், தென்னை தொடர்ந்து புதுக் குருத்து விரிப்பதும் நல்ல அடையாளங்கள். ஆனால் தளிரை மட்டும் நம்பித் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். இடைவெளியை இரண்டு மூன்று நாளால் கூட்டி, விடியற்காலையில் இலையைப் பாருங்கள். தொய்வு இல்லாவிட்டால் அந்த இடைவெளியையே வைத்துக்கொண்டு, ஒரு மாதத்தின் பின் மேலும் கூட்டுங்கள். தொய்ந்தால் பழைய இடைவெளிக்குத் திரும்புங்கள்.

வேம்பும் பூவரசும் ஒரு கோடையில் நிலைத்துவிடும். மாவுக்கும் பலாவுக்கும் இரண்டு மூன்று கோடை வேண்டும். தென்னைக்கு மூன்று கோடை கட்டாயம். அதற்குப் பின்னும் கடும் வறட்சியில் ஊற்றினால் குரும்பை உதிர்வது குறையும்.

குடும்பமாகச் செய்யும் பயிற்சி

1. ஒரு தாளில் உங்கள் வளவை வரையுங்கள். கிணறு, வீடு, மலசலகூடம், தானாக நிற்கும் மரங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். ஊற்ற வேண்டிய கன்றுகளை முடிந்தவரை கிணற்றுக்கு அருகில் குறியுங்கள்.
2. வீட்டுத் தேவை போக ஒரு நாளைக்கு எத்தனை வாளி அள்ள முடியும்? அதை நாலால் பெருக்குங்கள். தென்னைக்கு நாலரை, மற்றவற்றுக்கு இரண்டு வாளி என்று பங்கிடுங்கள். கிடைக்கும் எண்ணிக்கைதான் இந்த மாரியில் நீங்கள் நடக்கூடிய கன்றுகள்.
3. எந்தக் கிழமையில் எந்தக் கன்றுக்கு யார் ஊற்றுவது என்று நாட்காட்டியில் எழுதுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஊற்றாமல் பிரித்துக்கொள்ளுங்கள். பாரமான வாளியைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மண் பிடித்துப் பார்க்கும் வேலையை அவர்களிடம் விடலாம்.
4. நீங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டால் ஊற்றப்போகும் அயலவர் யார்? இன்றே பேசிவையுங்கள். அவர்களுடைய கன்றுகளுக்கு நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

நினைவில் வைக்க

ஊற்றக்கூடிய அளவுக்கு நடுங்கள். இடைவெளி விட்டு ஆழமாக ஊற்றுங்கள். இரண்டாம் கோடையில் கைவிடாதீர்கள்.

ஒட்டு மா மூன்று நாலு ஆண்டில் முதற் காய் காட்டும். தென்னை பாளை விட ஐந்து முதல் ஏழு ஆண்டு செல்லும். இன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு காணி பார்க்க வந்த பிள்ளை, அந்த இளநீரைத் தானே ஏறிப் பறிக்கும் வயதில் இருக்கும்.